கயிறு இந்த மாதம் யார் வீட்டில்

சேசு மரி சூசை

சலேத்தூர்,
9-2-1976

அன்புத் தம்பி இஞ்ஞாசிக்கு அக்காள் அல்போன்சாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் உன் அத்தானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சங்கு குளிக்கப் போய் வந்து அத்தானுக்குக் காதில் சீழ் வடிந்தது, இப்போது நின்றுவிட்டது. நீயும் ஞானசௌந்தரியும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? தைமாதம் கடிதம் போடுவதாகச் சொன்னாய். தை முடியப்போகிறது.

போன செவ்வாய்க்கிழமை கோயில் முற்றத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ஜெபசிங் என்ற நாசரேத்துக்காரர், பூங்கா இலாகா அதிகாரி. நம் பூவரசந்தீவை அரசாங்கம் பொதுமக்கள் பூங்காவாக ஆக்கப்போகிறதாம். தூத்துக்குடியிலிருந்து லாஞ்சு விட்டு ஜனங்களைக் கூட்டிவந்து காட்டுவார்களாம். "காலங்காலமா நீங்கதான் இந்தத் தீவப் பாத்துக்கிட்டு வாரீக. அதனால நிர்வாகக் கமிட்டியில ஒங்க ஊருக்கும் ஒரு எடம் உண்டு. ஒரு ஆளு பேரச் சொல்லுங்க" என்றார். அரசாங்கம் நம்மைத் தேடி வந்து கேட்டது என்று ஊரே பூரித்துப்போனது.

பெயர் கேட்டதும்தான் வம்பு. தீவுப் பொறுப்பு நம் ஊரில் ஆளுக்குக் கிடையாது, வீட்டுக்குத்தான் என்பது உனக்குத் தெரியாததா? தீவுக் கிணற்றின் தோண்டிக்கயிறு எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த மாதம் கிணற்று மணலை அள்ளுவதும், குருசடியில் விளக்கேற்றுவதும், ஆமை ஏறுகிற கரையில் வள்ளம் அணையாமல் பார்ப்பதும், அங்கே சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அந்த வீடுதான். மாத முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கயிறு அடுத்த வீட்டுக்குக் கைமாறிவிடும். தொம்மை எழுந்து, "இந்த மாசம் கயிறு எங்க வீட்டுல. நான் வாரேன்" என்றார். அதிகாரி அவர் பெயரை எழுதப் போனார். "எழுதிக்கிடுங்க. ஆனா அடுத்த மாசம் பிலோமினாள் வருவா" என்றார் தொம்மை. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நீ சென்னையில் அதே இலாகாவில்தானே உட்கார்ந்திருக்கிறாய்? நம் முறையை நாலு வரியில் எழுதி அவர்களுக்கு விளக்கிவிடு. போன செப்டம்பரில், இப்போது ஆளில்லாத நம் அப்பா வீட்டு முறை வந்தபோதும் நான்தான் போய் மணல் அள்ளினேன். ஆண்பிள்ளை நீ இருக்கிறாய், உனக்கு எழுதினேன், பதில் இல்லை. வேலை அதிகமாக இருந்திருக்கும்.

குழந்தைக்கு என் முத்தம்.

உன் அக்காள்,
அல்போன்சாள்

*

மயிலாப்பூர்,
21-2-1976

என் அன்பான அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஞானசௌந்தரிக்கு மெட்ராஸ் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் நலத்தில் சேர்த்துக்கொள். அத்தானைக் காதில் எண்ணெய் விடாமல் இருக்கச் சொல்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த ஓர் இடம் தானாக வரவில்லை, அக்கா. "தீவை அண்டி வாழும் மக்களுக்கு நிர்வாகத்தில் பங்கு" என்று வரைவில் எழுதியவன் உன் தம்பி. மேலே இருப்பவர்கள் அடித்தார்கள், நான் மறுபடி எழுதினேன். எங்கள் இலாகாவில் இதுவரை யாருக்கும் இப்படிக் கொடுத்ததில்லை. இப்போது கவர்னர் ஆட்சி, கோப்புகள் ஓடுகின்றன, அதனால்தான் நடந்தது.

ஆனால் கோப்புக்கு ஒரு பெயர் வேண்டும். உறுப்பினர் என்றால் ஒரு மனிதர், மூன்று வருஷத்துக்கு. வீடு உறுப்பினராக முடியாது. கயிறு முடியவே முடியாது. நான் போய் மேலதிகாரியிடம் "ஐயா, எங்கள் ஊரில் ஒரு கயிறு இருக்கிறது" என்று ஆரம்பித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அத்தான் பெயரைக் கொடுங்கள். நிதானமான மனிதர், கையெழுத்தும் நன்றாகப் போடுவார். ஊருக்கு நல்லது நடக்கிற நேரத்தில் வீண் பேச்சு வேண்டாம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி,
இஞ்ஞாசி

*

சேசு மரி சூசை

சலேத்தூர்,
17-3-1976

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. உடம்புக்குக் குறைவில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே.

உன் யோசனையை ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். "மூணு வருசமா? ஏன், கஸ்பாரு என்ன தீவுக்கு ராசாவா?" என்று உன் அத்தானைக் கைகாட்டிக் கேட்டார் தொம்மை. அன்றிலிருந்து அத்தான் வள்ளத்தைக் கரையேற்ற ஒரு கைகூட வரவில்லை. அவரும் நானும் மல்லுக்கட்டி இழுக்கிறோம். அவர் கோபம் முழுக்க என் மேல். "ஒந்தம்பி என்னையக் கோப்புல ஏத்தப் பாத்தான், ஊரு என்னைய எறக்கிட்டு" என்கிறார்.

ஊரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரே வீட்டில் கயிறு தங்கிவிட்டால் தீவு அந்த வீட்டுத் தீவாகிவிடும். நாளைக்கு என் கைக்கு வரும் என்று தெரிந்திருப்பதால்தான் இன்றைக்கு வைத்திருப்பவன் சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள். அவனும் அளவோடு பேசுகிறான்.

இந்த மாதம் கயிறு பிலோமினாள் வீட்டில். கமிட்டிக்கு அவள்தான் போனாள். புருஷன் இல்லாதவள், பட்டணத்து ஆபீசுக்குத் தனியாக எப்படிப் போவாள் என்று துணைக்கு நான் போனேன். நான் அவளுக்குத் துணையா, ஜெபசிங்குக்குத் துணையா என்று கடைசியில் தெரியவில்லை. பிப்ரவரிக் கூட்டத்தில் மேற்குக் கரையில் சிமெண்ட் பெஞ்சு போடத் தொம்மை தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். இவள் உட்கார்ந்ததும் கேட்டாள், "அங்கன பெஞ்சு போட யாரு சொன்னது?"

"போன மாசம் ஒங்க ஊரு தொம்மை அண்ணாச்சி ஒத்துக்கிட்டாகளே."

"அது போன மாசம்."

"ஏம்மா, ஒங்க ஊருக்குன்னு ஒரு பேச்சு கெடையாதா?"

"உண்டு. மாசத்துக்கு ஒண்ணு. மேக்குக் கரை பூராம் பெஞ்சு போட்டா வள்ளத்த எங்க ஏத்த? ஒங்க மடியிலயா?"

அந்த மனுஷர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை, எங்களுக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார். வாசல்வரை வந்து என்னிடம், "அக்கா, ஏப்ரல் முடியறதுக்குள்ள ஒரே ஒரு பேரு வேணும். இல்லன்னா இந்த எடத்த லாஞ்சு காண்டிராக்டருக்குக் குடுத்துருவாக. பொறவு என்னைய வையாதீக" என்றார்.

நீ சீக்கிரம் ஒரு வழி எழுது. தபாலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அல்போன்சாள்

*

சேசு மரி சூசை

சலேத்தூர்,
28-4-1976

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதனால்தான் பதில் எழுத நேரமில்லை. மாதா கோயில் மணியடிக்கும்போதெல்லாம் தபால்காரர் வந்தாரா என்று கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏப்ரல் முடிகிறது. ஊரே உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தது.

பெயர் கொடுத்துவிட்டோம். ஒரே பெயர், நிரந்தரமான பெயர், யாருக்கும் பொறாமை வராத பெயர். தீவுக் குருசடியில் இருக்கிற புனித அந்தோனியார்.

சிரிக்காதே. வள்ளத்துக்கு வள்ளம் அவருக்கு ஒரு பங்கு மீன் ஒதுக்குகிறோம். கரைவலை முறையில் அவர் பெயருக்கு ஒரு நாள் இருக்கிறது. தீவில் மற்றவர்கள் வந்து போகிறவர்கள், அவர்தான் அங்கேயே இருப்பவர். இதைத் தொம்மை சொன்னதும் கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. அத்தான் வள்ளத்துக்கு மறுநாளே ஆட்கள் கை கொடுத்தார்கள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

ஜெபசிங் லீவில் இருந்தார். பெயரை எழுத வந்தவர் செல்லப்பாண்டி என்ற கிளார்க், புதுக்கோட்டைக்காரர், புதுசு. "அந்தோனியார்" என்றோம், எழுதினார். விலாசம் தீவு என்றோம். தொழில் காவல். தகப்பனார் பெயர் கேட்டதும் எல்லோரும் முழித்தோம். மார்ட்டின் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்ன ஞாபகம் பிலோமினாளுக்கு இருந்தது. "வயசு?" என்றார். "வயசு நெறைய இருக்கும்" என்றார் தொம்மை. அறுபது என்று போட்டுக்கொண்டார். பொய் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னோம்.

இனி உனக்குச் சிரமம் இல்லை.

அக்காள்,
அல்போன்சாள்

*

மயிலாப்பூர்,
14-5-1976

அக்காவுக்கு,

நலம். நலம்தான்.

நேற்று மேலதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். "திரு. மா. அந்தோனியார், உறுப்பினர், பூவரசந்தீவு" என்று எழுதி, ஆள் இல்லை என்று திரும்பி வந்த கவர். கூட்டத்துக்கு வரத் தவறிய காரணத்தை அந்தோனியார் ஏழு நாளில் தெரிவிக்க வேண்டுமாம். "இஞ்ஞாசி, இவர் உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டார். என்னவென்று சொல்லுவேன்? புனிதர் என்று சொன்னேன். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், டீ கொண்டுவந்தவர் உட்பட.

நான் எத்தனை பாடுபட்டு வாங்கிய இடம் தெரியுமா அது? அதில் கொண்டுபோய்ச் சிலையை உட்கார வைத்திருக்கிறீர்கள். நீயும் கூடச் சேர்ந்து! எட்டாவதுவரை கான்வென்டில் படித்தவள்!

லாஞ்சு காண்டிராக்டரின் பெயர் மேஜையில் தயாராக இருக்கிறது. இனி ஊரில் யாரும் எந்தப் பெயரும் கொடுக்க வேண்டாம். இதை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே.

இஞ்ஞாசி

*

சேசு மரி சூசை

சலேத்தூர்,
30-6-1976

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. இங்கே சுகம். கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது, சோற்றிலும் மணல். குழந்தைக்கு மொட்டையடிக்கும்போது நேர்ச்சையை மறந்துவிடாதே.

உன்னைப் புண்படுத்திவிட்டோம் என்று அத்தான் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

நம்மைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதே இல்லை. தீவில் வேலை மட்டும் நடக்கிறது. மேற்குக் கரை நெடுக பெஞ்சு. லாஞ்சு அணையச் சிமெண்ட் படி. அதற்கு மேலே சிப்பி வாயைத் திறந்த மாதிரி ஒரு வளைவு, நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு முத்து. வளைவில் கம்பிக் கதவும் பூட்டும். மற்றப் பக்கமெல்லாம் நீருக்கடியில் பாறைப் பார், வள்ளம் அணைய முடியாது, உனக்குத் தெரியும். கதவுக்குக் காவலாக ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், மாடக்கண்ணு என்று பெயர். மாலை ஆறு மணிக்கு மேல் தீவில் யாரும் இருக்கக் கூடாது, இறங்கவும் கூடாது என்கிறார்.

காற்று மாறினால் நம் வள்ளங்கள் ஒதுங்குவது அங்கேதானே? குடிதண்ணீருக்கும் அதுதானே? நான் ஜெபசிங்கைப் பார்த்துக் கேட்டேன். "எல்லாம் கமிட்டியில ஏகமனதா பாஸ் ஆயிட்டு. ஒங்க ஊரு ஆளுந்தாம்மா கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றார். யார் என்று கேட்டால் என் முகத்தையே அதிசயமாகப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

இப்போது ஊரில் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறார்கள். நீ ஆரம்பத்தில் சொன்ன பெயர் அத்தான் பெயர், ஆகவே முதல் சந்தேகம் எங்கள் வீட்டின் மேல். அத்தான் கோயிலில் பீடத்துக்கு முன் நின்று சத்தியம் செய்தார். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி எழுது.

அல்போன்சாள்

*

மயிலாப்பூர்,
19-7-1976

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். குழந்தைக்கு மேல்பல் முளைத்துவிட்டது, எல்லோரையும் கடிக்கிறான். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஞானசௌந்தரி குடத்தோடு நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடும் அளவுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள், மெட்ராஸ் தமிழைத்தான் சொல்கிறேன்.

உனக்கு ஒரு சுங்குடிச் சேலை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டால் சொல்.

பூங்கா சம்பந்தமாக நீ கவலைப்பட வேண்டாம். எல்லாம் முறைப்படி நடக்கிறது. ஆறு மணி என்பது பொதுமக்கள் பாதுகாப்புக்காக வைத்தது, எல்லாப் பூங்காவிலும் உள்ளதுதான். அத்தானின் காது எப்படி இருக்கிறது?

தம்பி,
இஞ்ஞாசி

*

சலேத்தூர்,
22-8-1976

இஞ்ஞாசிக்கு,

அத்தானின் காது நன்றாக இருக்கிறது. கைதான் முறிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கச்சான் திடீரென்று ஏறி அடித்தது. அத்தானும் தொம்மையும் தீவுக்கு ஒதுங்கினார்கள். வளைவுக் கதவு பூட்டியிருந்தது. மாடக்கண்ணு டார்ச்சை அடித்து, "ஆறு மணி ஆயிட்டு, அண்ணாச்சி. என் சோலி போயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். கும்பிட்டாரே ஒழியத் திறக்கவில்லை. அலை வள்ளத்தைத் தூக்கி உங்கள் சிமெண்ட் படியில் அறைந்தது. நடுவில் அத்தானின் வலது கை. வள்ளத்தின் முன்பக்கம் பிளந்துவிட்டது. தொம்மை அவரைப் பிடித்து இழுத்துக் கதவுக் கம்பியோடு கட்டிவைத்திருக்கிறார், காற்று தணியும்வரை.

ஆஸ்பத்திரிக்கு ஜெபசிங் வந்தார். பன்னும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்தார். கட்டில் ஓரத்தில் நின்று அழமாட்டாத குறையாகச் சொன்னார்: "நான் அந்த ஆறு மணிச் சட்டத்த அங்கனயே கேட்டேம்மா, இது மீன்புடிக்கிறவங்களுக்கு ஒத்துவருமான்னு. ஊரு உறுப்பினரே ஒத்துக்கிட்டாரு. ஒங்க தம்பிதானேம்மா? ஒங்களுக்கே தெரியாதா?"

எனக்குத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் நான் சொல்ல வேண்டியிருந்தது. கட்டிலில் இருந்து அத்தான் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

ஊர் உன்னைத் திட்டும் என்று பயந்தேன். ஒருவரும் திட்டவில்லை. பிலோமினாள்தான் பேசினாள்: "தீவுக்காகக் கையெழுத்துப் போட்டது அவன்னா, கயிறு அவன் கையிலதானே இருக்கணும்?" எல்லோரும் அதுதான் நியாயம் என்றார்கள். அன்று சாயங்காலமே கயிற்றையும் தோண்டியையும் கொண்டுவந்து நம் அப்பா வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இனி எந்த வீடும் அதைத் தொடாது. நானும் தொடமாட்டேன். இத்தனை வருஷம் உன் முறையை நான் பார்த்தது போதும்.

சேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நிறத்துக்காக இல்லை.

அல்போன்சாள்

*

மயிலாப்பூர்,
4-9-1976

அக்கா,

அத்தான் எப்படி இருக்கிறார்? கட்டைப் பிரித்துவிட்டார்களா? அவருக்கு எழுத எனக்குக் கை வரவில்லை, உன் மூலமாகவே விசாரிக்கிறேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல். பெயர் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அந்தோனியாரைக் கொடுத்தீர்கள். அன்றைக்கு நான் என் பெயரை எழுதியிராவிட்டால் அந்த நாற்காலியில் லாஞ்சு காண்டிராக்டர் உட்கார்ந்திருப்பார். யாரோ ஒருவருக்குப் பதிலாக நம் ஆளே இருக்கட்டும் என்றுதான் செய்தேன். ஆறு மணிச் சட்டம் டைப் அடித்த தாள்களில் ஒன்றாக வந்தது. பூங்காவில் ஆறு மணிக்கு மேல் யாருக்கு என்ன வேலை என்று நினைத்தேன். பத்து வயதில் என்னைப் போர்டிங்கில் சேர்த்துவிட்டீர்கள், அக்கா. நான் ஒரு ராத்திரிகூட அந்தத் தீவில் ஒதுங்கியதில்லை.

இதற்கு நடுவில் ஜெபசிங் டிரங்க்கால் போடுகிறார். கச்சான் மணல் அடித்து அடித்துக் கிணறு தூர்ந்துவிட்டதாம். லாஞ்சில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீர் இல்லாமல் அழுதார்களாம். மணல் அள்ளக் கூலி தருகிறேன் என்று அவர் நம் ஊரில் வீடு வீடாகக் கேட்டால், "கயிறு மெட்ராசுல இருக்கு" என்று ஒரே பதிலாம். "சார், அது என்ன கயிறு? கோயம்புத்தூர்ல சொல்லிப் புதுசா வேணும்னாலும் வாங்கித் தாரேன்" என்கிறார். இரண்டு பக்கமும் நான்தான் அடி வாங்குகிறேன்.

உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்துவிடுகிறேன். நீ கயிற்றை எடுத்து அடுத்த வீட்டில் கொடுத்துவிடு. இதோடு முடியட்டும்.

இஞ்ஞாசி

*

சலேத்தூர்,
16-9-1976

தம்பிக்கு,

அத்தானுக்கு விரல்கள் அசைகின்றன. உன்னைக் கேட்டார்.

கயிற்றில் ராஜினாமா கிடையாது. வாங்கிய வீடு கிணற்றைத் தூர்வாரி, தண்ணீர் தெளிந்த பிறகு, கோயில் வாசலில் கைக்குக் கை கொடுக்க வேண்டும். தபாலில் கொடுக்கும் வழக்கமில்லை. நீ ராஜினாமா செய்தால் காண்டிராக்டர் வருவார், கிணறு தூர்ந்தபடியே கிடக்கும். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்.

பழைய வேட்டி இரண்டு கொண்டு வா.

அல்போன்சாள்

*

மயிலாப்பூர்,
8-10-1976

என் அன்பான அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முதுகு நிமிரவில்லை, பேனா பிடிக்கும்போது உள்ளங்கை எரிகிறது. ஞானசௌந்தரி மஞ்சள் பற்றுப் போட்டாள். குழந்தை சுகம்.

நேரில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். ஊரில் எல்லோர் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தொம்மை என்னைத் தீவில் இறக்கிவிட்டுத் தூண்டில் போடப் போய்விட்டார். கயிற்று வீடுதான் அள்ள வேண்டும், இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அள்ள அள்ள மணல் சரிந்துகொண்டே இருந்தது. லாஞ்சில் வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மாள் என்னைக் காட்டி, "படிக்காட்டா இந்த வேலதான்" என்று தன் மகனுக்குச் சொன்னாள். சாயங்காலம் அடிமணல் ஈரமாகி இருந்தது. இன்னும் கொஞ்சம் அள்ளினால் ஊற்று பிடித்துவிடும் என்ற நேரத்தில் மாடக்கண்ணு வந்து நின்றார்.

"வே, மணி ஆறு. எறங்கும்."

"ஊற்று வரப்போகிறது, அரை மணி பொறுங்கள்" என்றேன். முடியாது என்றார். "நான் கமிட்டி உறுப்பினர்" என்றேன். சேறு பூசிய வேட்டியோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாப் பயலும் இப்பிடித்தான் சொல்லுதான். அந்தோனியாரே வந்தாலும் ஆறு மணிக்கு மேல விடாதன்னு எனக்கு ஆர்டரு. மெட்ராசுல மச்சாதுன்னு ஒரு ஆபீசராம், அவரு போட்ட சட்டம். அவருகிட்டப் போயிக் கேளும்."

நான்தான் அந்த மச்சாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா. இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் கதவைப் பூட்டினார். தொம்மை என்னை ஏற்ற வந்தபோது காற்று ஏறிவிட்டது, கரைக்குப் போக முடியாது. தொம்மையும் நானும் அந்தப் படியிலிருந்து தள்ளி வள்ளத்தில் கிடந்தோம். அத்தானின் கை முறிந்த படியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலை ஒவ்வொன்றுக்கும் வள்ளம் அதை நோக்கிப் போவதும் தொம்மை துடுப்பால் தள்ளுவதுமாக இருந்தது. எனக்கு வாந்தி நிற்கவில்லை. பயத்தில் அழுதேன். தொம்மை ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. தன் தலைத்துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் ஜெபசிங்கையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊற்று பிடித்தது. அவர் முதலில் குடித்தார், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து புலம்பினார். "சார், சட்டத்த மாத்தணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி கூடணும்னா மெட்ராசுல உத்தரவு வேணும். அடுத்த கச்சானும் வந்துரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா சாவி யாருகிட்ட இருக்கணும்னு சட்டத்துல ஒண்ணுமே எழுதலையே" என்றார். மாடக்கண்ணுவின் இடுப்பிலிருந்து இரண்டாவது சாவியை வாங்கித் தோண்டிக்கயிற்றின் நுனியில் தன் கையாலேயே முடிந்தார். கயிறு எந்த வீட்டிலோ சாவி அந்த வீட்டில்.

கோயில் வாசலில் நீ கயிற்றை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தாய். இந்த மாத முறை உங்கள் வீடு என்று எனக்கு அதுவரை தெரியாது. அத்தான் இடது கையால் என் முதுகில் தட்டினார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அதனால்தான் சாப்பிடாமல் ரயிலுக்குப் போனேன்.

பதவியை நான் விடவில்லை. தாளில் என் பெயர் இருக்கட்டும். அந்தப் பெயர் என்ன பேச வேண்டும் என்பதைக் கயிற்று வீடு எழுதட்டும்.

உன் தம்பி,
இஞ்ஞாசி

*

சேசு மரி சூசை

சலேத்தூர்,
25-10-1976

கமிட்டி உறுப்பினர் இஞ்ஞாசி மச்சாது அவர்களுக்கு, அக்டோபர் மாதக் கயிற்று வீடு எழுதுவது.

அந்தச் சிப்பி வளைவை எடுக்கச் சொல்லவும். ராத்திரி வருகிறவனுக்கு அது பாறை மாதிரித் தெரிகிறது. படியின் முனையை இடித்துச் சரிவாக்கவும். லாஞ்சுக்காரர்கள் ஆமைக் கரைக்குப் போகக் கூடாது. பெஞ்சு இருக்கட்டும், வலை காயப்போட வசதியாக இருக்கிறது. பெஞ்சே வேண்டாம் என்றுதானே பிலோமினாள் சொன்னாள் என்று கேட்காதே. அது மார்ச் மாதம். நவம்பரில் கயிறு சூசை வீட்டுக்குப் போகிறது. வளைவு அழகாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் எழுதுவதையும் நீ அப்படியே கமிட்டியில் சொல்ல வேண்டும். மேலதிகாரி சிரித்தால் சிரிக்கட்டும். ஜெபசிங்கும் இப்போதெல்லாம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே "கயிறு இந்த மாசம் யாரு வீட்டுல?" என்று கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்.

இனி அக்காள் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள், கை கொஞ்சம் கோணல்தான், துடுப்புப் பிடிக்க முடிகிறது. புதன்கிழமை காற்றில் சிக்கித் தீவில்தான் படுத்திருந்தார், மாடக்கண்ணு கஞ்சி வைத்துக் கொடுத்தாராம். உன் உள்ளங்கைக்கு மஞ்சளோடு வேப்பெண்ணெய் சேர்த்துப் போடச் சொல். அன்றைக்கு உனக்காக வைத்த மீன்குழம்பை நானே உட்கார்ந்து தின்றேன், உன்னைத் திட்டிக்கொண்டே. திருப்பி அனுப்பிய சேலையை மறுபடி அனுப்பு, கிறிஸ்துமசுக்குக் கட்டிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீ இந்தத் தடவை மணல் அள்ளியது கணக்கில் சேராது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அது நீ போட்ட கையெழுத்துக்காக. நம் அப்பா வீட்டு முறை வருகிற மார்ச்சில் வருகிறது. இந்த முறை நான் பார்க்கமாட்டேன்.

லீவுக்கு இப்போதே எழுதிப் போடு.

உன் அக்காள்,
அல்போன்சாள்